மனை விற்ற கூச்சல்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் எங்களுக்குக் கால்பந்து பார்க்க ஒரு கணக்கு உண்டு. சூளையை அணைத்த பிறகு அது ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் பொம்மையெல்லாம் வெடித்துவிடும். அன்று கொட்டகையில் ஒருவருக்கும் வேலை இருக்காது. அன்றைக்குத்தான் மேட்ச். எங்கள் ஊர் டீமுக்குப் பெயரே 'சூளைப் பசங்க'. ஆட்டம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. திட்டக்குடிக்காரர்களிடம் தோற்பதை ஒரு கடமையாகவே செய்து வந்தார்கள். இருந்தால் என்ன, நம்ம பசங்க.

போன வருடம் மனை விற்கும் கம்பெனி ஒன்று டீமைத் தத்தெடுத்தது. பூட்ஸ் வந்தது, பனியன் வந்தது, பெயர் போய்விட்டது. நெஞ்சில் கம்பெனி பெயர், முதுகில் கம்பெனி பெயர். நெற்றியை மட்டும் விட்டுவைத்தார்கள். வியர்வையில் அழிந்துவிடும் என்று யோசித்திருப்பார்கள். மேட்சை செல்போனில் லைவாகக் காட்டுவதற்காக நாளையும் மாற்றினார்கள். மாற்றிய நாளில் எங்கள் சூளை எரிந்துகொண்டிருந்தது.

சூளைக்கு நெருப்பு பார்க்கும் அண்ணன் கொதித்துப்போனார். "அவங்க என்ன பேரு வேணா வெச்சிக்கட்டும்டா. நாம பழைய பேரத்தான் கத்தணும். நாமளும் கத்தலன்னா அந்தப் பேரு செத்துடும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடைவேளையில் ஓடி வந்து நெருப்பைக் குறைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டு இருவரும் மைதானத்துக்குக் கிளம்பினோம். இடைவேளையில் இரண்டு டீமும் ஆளுக்கொரு கோல். அந்த நேரத்தில் எவன் எழுந்து போவான்?

கம்பெனி ஆள் மைக்கில் கம்பெனி பெயரைச் சொல்லச் சொல்ல, "சூளைப் பசங்க!" என்று கத்தி அதை அமுக்கினோம். கூட்டமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆள் மைக்கை வைத்துவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். சண்டைதான் என்று அண்ணன் கைலியை மடித்துக் கட்டினார். வந்தவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சூப்பருங்க! அப்படியே கேமரா பக்கம் திரும்பி இன்னொரு வாட்டி கத்துங்க."

திரும்பினோம். முன்பைவிடச் சிறப்பாகவே கத்தினோம்.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தால், உள்ளே பிள்ளையார்கள் உருகிப்போய் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது. பெயருக்காகப் பட்ட பாடுதானே என்று தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டோம்.

அடுத்த வாரம் டீக்கடையில் அண்ணன் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். திரை முழுக்க எங்கள் இரண்டு பேரின் திறந்த வாய். "சூளைப் பசங்க!" என்று நாங்கள் அலற, அடியில் எழுத்து ஓடியது: சேத்தியாத்தோப்பு ரோட்டில் 'சூளைப் பசங்க நகர்', மனைகள் விற்பனைக்கு.

"பேரு சாவல, பாத்தியா?" என்றார். அவர் குரலில் அத்தனை பெருமை. ஸ்ரீமுஷ்ணத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் அனுப்பிவிட்டாராம்.

எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் அனுப்பச் சொன்னேன்.