எர்த் இருக்குன்னு அளந்து விட்டேன்

எனக்குப் படிப்பு ஏறல, வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்லைங்க. தலப்பிரசவத்துக்கு வந்த மக, கைக்கொழந்தையோட கோட்டைப்பட்டினத்துல எங்க வீட்டுலதான் இருந்துச்சு. சுடுதண்ணிக்கு ஹீட்டர் வாங்கப் போனேன்.

"வீட்டுல எர்த் இருக்காண்ணே? தண்ணி உப்பா?"ன்னாரு கடைக்காரத் தம்பி.

எர்த்துன்னா என்னன்னே தெரியாது. "எல்லாம் பக்கா தம்பி, அந்த நீலத்தக் குடுங்க"ன்னுட்டேன். எங்க பாத்ரூம் டைல்ஸ் நீலம், அதான்.

ரெண்டே மாசம். கொழந்தையக் குளிப்பாட்டப் பைப்பைத் தொறந்த எம் பொண்டாட்டி, "கை சுள்ளுங்குதுங்க"ன்னா.

"செருப்பப் போட்டுக்கிட்டுத் தொறடி"ன்னு இன்ஜினியர் கணக்கா யோசனை சொன்னேன்.

"நான் போட்டுக்குறேன். பேரனுக்கு எந்தக் கடையில வாங்குவீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சுவிட்ச அமத்திட்டு எலக்ட்ரீசியனக் கூப்புட்டேன். உப்புத்தண்ணி, உள்ள சூடாக்குற காயில் கம்பிய அரிச்சு, கரண்டு தண்ணில எறங்கியிருக்கு. கசியுற கரண்ட மண்ணுக்குள்ள எறக்குற எர்த் வயரே வீட்டுல இல்லையாம். "புள்ளையத் தண்ணில எறக்காம விட்டீங்களே, தப்பிச்சீங்க"ன்னாரு.

இப்ப எர்த் போட்டு, கரண்டு கசிஞ்சா தானா அமர்ற சுவிட்சும் வச்சு, உப்புத்தண்ணிக்குத் தாங்குற ஹீட்டரா மாட்டியாச்சு. வாளி ரொம்புனதும் சுவிட்ச அமத்திட்டுத்தான் குளிக்கிறோம். கடையில எது கேட்டாலும், "தெரியலையே தம்பி, நீங்களே சொல்லுங்க"ங்கிறேன். வெக்கமா இல்லைங்க, பேரன் நல்லாருக்கான்.