கொழும்பில் நீட்டிய கை

எனக்கு எதற்கும் காத்திருக்கப் பிடிக்காது. பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றாலே டைம்கீப்பரிடம் சண்டைக்குப் போகிறவன். அப்படிப்பட்டவனைக் கொழும்பு விமான நிலையத்தில் காலை ஆறு மணிக்கு இறக்கிவிட்டு, திருவனந்தபுரம் விமானம் சாயங்காலம் ஐந்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. வளைகுடாவில் மூன்று வருஷ கான்ட்ராக்டை முடித்துவிட்டு, சங்கரன்கோவிலில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

மடியில் ஒரு பச்சைக் கம்பளி. மார்கழிப் பனி தாங்கவில்லை, ஒரு கம்பளி வாங்கி வரச் சொன்னாள் என்று தம்பி எழுதியிருந்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுவான். கடிதம் முடிகிற இடத்தில் 'வேளாவேளைக்குச் சாப்பிடு' என்று அவள் வாய்ச்சொல் ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மாதம் ஓடிவிடும்.

பத்து மணி வாக்கில் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். புதுச் சட்டை, புதுச் செருப்பு, பிளாஸ்டிக் கவரில் விசா காகிதம். முதல் முறையாக வளைகுடாவுக்குப் போகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"எந்தூரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"சங்கரன்கோவில்."

"நமக்குக் கரிவலம்வந்தநல்லூரு. சங்கரன்கோவில்ல எங்கன?"

உரக்கடை வீடு என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். நானும் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். மூன்று வருஷமாகப் பார்க்கிறவனுக்கெல்லாம் கை குலுக்கிப் பழகிய புத்தி. "எந்தக் கம்பெனிக்குப் போறீய?" என்று சிரித்துக்கொண்டே வேறு கேட்டேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் துட்டி கேட்க வருகிறவர்கள்தான் அப்படிக் கை நீட்டுவார்கள். செத்த வீட்டுக்காரன் அதைத் தொட வேண்டும். அவ்வளவுதான், பேச்சுக் கிடையாது.

"அம்மைக்கு வந்திருந்தேன் அண்ணாச்சி," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆவணி மாசம். நல்ல கூட்டம்." கொஞ்சம் கழித்து, "ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

அப்போது தை மாதம்.

ஆவணிக்குப் பிறகு எனக்கு நான்கு கடிதம் வந்திருந்தது. நான்கிலும் அம்மா சுகமாக இருந்தாள். நான்கிலும் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். கம்பளி கேட்டாள். சொன்னால் பாதியில் ஓடிவந்துவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். ஓடிவந்திருக்கவும் முடியாது, பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது. எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? தம்பியைப் பார்த்ததும் நாலு அறை விட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அவருடைய விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

சாவு கேட்டால் குளிக்க வேண்டும். கழிவறைக் குழாயடியில் குனிந்து, தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தலையில் விட்டுக்கொண்டேன். தரை துடைக்கிறவர் சிங்களத்தில் சத்தம் போட்டார். துவட்டத் துண்டு இல்லை. கம்பளியால்தான் துவட்டினேன். அது தண்ணீரை இழுக்கவே இல்லை. சட்டை சொட்டச் சொட்ட அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஊரே அழுது முடித்து ஐந்து மாதம் ஆன சாவுக்கு நான் தனியாக எங்கிருந்து அழ ஆரம்பிப்பது? காத்திருக்கப் பிடிக்காத எனக்கு, அந்த விமானம் வராமலே போனால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை தென்காசி வழியாக சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். தம்பி நின்றிருந்தான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "பஸ் லேட்டோ?" என்று பெட்டியை வாங்க வந்தான். அறைவதற்குக் கை எழவில்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். செத்த வீட்டுக்காரன் அவன்தான். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அசலூரிலிருந்து துட்டிக்கு வந்தவன் மாதிரி, இரண்டு கைகளையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்துத் தம்பி அதைத் தொட்டான்.