காசியில் விட்ட தயிர்

அன்று கல்யாணராமன் காய்கறிப் பையோடு போய்க் கதவைத் தட்டியது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில். அந்த வீட்டைக் காலி செய்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே குடியிருக்கும் சர்தார் வீட்டு அம்மாள் நல்லவள். தண்ணீர் கொடுத்து, அவர் சட்டைப்பை டைரியில் விலாசம் பார்த்து, ஆட்டோவில் ஏற்றி லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் இப்போதைய வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

"நம்மாத்துல யாரோ இருக்கா காந்தி. எப்போ வந்தா?" என்று வந்ததும் வராததுமாக மனைவி காந்திமதியைக் கேட்டார். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் ஃபைல் நம்பரைக்கூட மனப்பாடமாகச் சொன்ன மனுஷன்!

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளைக்கு ஒன்றும் வந்துவிடவில்லை, பி-ட்வெல்வ் என்கிற வைட்டமின்தான் அடிமட்டத்தில் இருக்கிறது என்றார் ஹிந்தியில். முட்டை, மாமிசம், பால், தயிர், இவற்றில்தான் அது உண்டாம். முதல் இரண்டையும் காந்திமதி காதிலேயே வாங்கவில்லை. ஊசி போடுகிறேன், ஆனால் பாலும் தயிரும் தினம் உள்ளே போகவேண்டும், நிறுத்தினால் மறுபடி இதே கதைதான் என்றார் டாக்டர்.

அங்கேதான் வந்தது வினை. ஏழு வருஷத்துக்கு முன், ரிட்டயரான கையோடு, இருவரும் காசிக்குப் போனார்கள். கங்கையில் முழுகி, ஒரு காயையும் பழத்தையும் விட்டுவிட்டு வருவது வழக்கம். காந்திமதி விட்டது பாகற்காயும் கொய்யாவும். பிறந்ததிலிருந்தே இரண்டும் அவளுக்கு ஆகாது. கெட்டிக்காரி! இவரோ, "பிடிச்சதை விட்டாத்தான் விட்டதா அர்த்தம்" என்று பாலையும் தயிரையும் விட்டார். அன்று முதல் ரசஞ்சாதத்தோடு எழுந்துவிடுவார். காபிகூடக் கறுப்புதான். இது பக்தியா, பிடிவாதமா, வெறும் அசட்டுத்தனமா என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

இப்போது என்ன செய்வது? தயிரைப் போட்டால் சங்கல்பம் போச்சு. போடாவிட்டால் மனுஷனே போச்சு. சுவாமி அலமாரி முன்னால் நின்றாள். ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். ஒன்றும் புரிபடவில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது அவரே திருதிருவென்று முழித்துக்கொண்டு கேட்டார். "காந்தி, காசியில நான் என்ன விட்டேன்?"

"சொரைக்காய்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ தயிர்?"

"தயிரை யாராவது விடுவாளா? நன்னாக் கேட்டேள் போங்கோ!"

இரண்டு கரண்டி போட்டாள். வழித்து வழித்துச் சாப்பிட்டார். "இத்தனை நாளா ஏன் போடலை?" என்று கோபம் வேறு. அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷமா, பயமா, அவளுக்கே தெரியவில்லை.

ஊசியும் தயிருமாக மூன்று மாதம் ஓடியது. லோதி ரோடு போய்விட்டுத் தனியாகவே பஸ் பிடித்துத் திரும்பினார். பேத்தியின் பிறந்தநாளை அவளுக்கு முன்னால் அவரே சொன்னார். காந்திமதிக்கு மூச்சு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"சொரைக்காய் இல்லை காந்தி. தயிர்தான். நீ பக்கத்துல ஈரப் புடவையோட நடுங்கிண்டு நின்னே."

இந்த ஞாபகம் திரும்ப வேண்டுமென்றுதானே அவள் வேண்டாத தெய்வமில்லை!

"தெரியாம சாப்பிட்டது போகட்டும்" என்றார் அவர். "இனிமே எப்படிச் சாப்பிடுவேன்?"

"மறந்துடுங்கோ" என்றாள் காந்திமதி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தயிர்க் கரண்டியோடு அப்படியே நின்றாள்.