உப்புத்துறை, பதினேழாம் மனை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தூரிலிருந்து குருபரப்பள்ளிக்குப் போய்வந்தேன். மலையோ கோட்டையோ பார்ப்பதற்காக அல்ல. ஒரு வீடு இடிபடாமல் தடுக்கப் போனேன். அந்த வீடு குருபரப்பள்ளியில் இல்லை. சரியாகச் சொன்னால், பூமியிலேயே இல்லை. இதைப் பயணக் கட்டுரை என்று போடலாமா என்ற சந்தேகம் எழுதி முடித்த பிறகும் எனக்குத் தீரவில்லை. பேருந்து விவரம் தேடி வரும் வழக்கமான வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் என் மலைப் பயணங்கள் நின்றன. நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிய இடம் ஒன்றைப் பார்த்துக் காகிதத்தில் வரையாவிட்டால் பொழுது போகாது. அப்போதுதான் கைப்பேசியில் 'வெல்டாரா' என்ற விளையாட்டுக்குள் போனேன். அது ஒரு கற்பனை நாடு. கடல், கணவாய், சந்தை, பூதங்கள் எல்லாம் உண்டு. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். நான் அங்கே வைத்தியன். முன்னால் நின்று வாள் வீசும் துணிச்சல் எனக்கு அங்கேயும் வரவில்லை. பின்வரிசையில் நின்று, அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவேன்.

உப்புத்துறை அந்நாட்டின் துறைமுகம். அங்கிருந்து ஓநாய்க் கணவாய்க்கு நடந்தால் பதினொரு நிமிடம். படகில் ஆறு நிமிடம், கட்டணம் நாற்பது வெள்ளிக் காசு. விளையாட்டு தரும் வரைபடத்தில் அளவுகோல் கிடையாது. நான் வரைந்ததில் உண்டு. அதனால் எங்கள் குழுவில் எனக்குச் சர்வேயர் என்று பெயர்.

குழுவின் பெயர் 'பி ஷிப்ட்'. ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள். அவர்கள் வாய்விட்டுப் பேசி விளையாடுவார்கள், நான் தட்டச்சு செய்தே பதில் சொல்வேன். குரல் என் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். "சர்வே அண்ணனுக்கு வாய்ல கொழுக்கட்டை" என்று கேலி செய்வார்கள்.

முன்வரிசையில் கேடயத்தோடு நிற்பவன் இரும்பன். வெளியே அவர் பெயர் அமல்ராஜ், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு உப்புத்துறை வடக்கு மேட்டில், பதினேழாம் மனையில் ஒரு மாடி வீடு இருந்தது. கூடத்தில் எங்களுக்காக ஒன்பது நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருந்தார். சுவரில் என் வரைபடத்தை மாட்டியிருந்தார். என் வரைபடத்தை யாரும் சுவரில் மாட்டியது என் முப்பத்தாறு ஆண்டு வேலையில் நடந்ததில்லை.

ஒரு மாலை வேலை முடிந்து, எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போக நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தபோது அமல்ராஜ் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். வெல்டாராவின் சட்டப்படி, உரிமையாளர் நாற்பத்தைந்து நாள் தன் வீட்டுக்குள் காலடி வைக்காவிட்டால் வீடு நீக்கப்படும், மனை ஏலத்துக்குப் போகும். மற்றவர்கள் எத்தனை முறை போய்வந்தாலும் கணக்கில்லை. கெடு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அவருடைய மனைவி அவர் கைப்பேசியைத் திறந்து, இரும்பனை ஒரு தடவை வீட்டுக்குள் நடத்தினால் போதும். ஓசூரில் லேத் ஓட்டும் ராக்கெட் என்ற பிள்ளை முகவரியை விசாரித்துத் தந்தான். யாருக்கும் விடுப்பு இல்லை. "சர்வே அண்ணே, நீங்களும் பக்கம்தான். நீங்க போனா வேல முடிஞ்சிரும்" என்றான். மறுக்கத் தெரியாததால் ஒப்புக்கொண்டேன்.

மத்தூரில் காலை 8.10க்குப் பேருந்து. கிருஷ்ணகிரி இருபத்துநான்கு கிலோமீட்டர் இருக்கும், ஐம்பது நிமிடம் ஆனது. அங்கே ஓசூர் வண்டியில் கால் வைத்ததும் நடத்துநர் தடுத்தார்.

"எங்க போவணும் பெருசு?"

"குருபரப்பள்ளி."

"ஏறாத. வழில நிக்காது. ஏறிக்கினு அப்புறம் நிறுத்து நிறுத்துன்னு என் உசுர எடுப்ப. பின்னால டவுன் பஸ்ஸு வருது, அதுல மகாராஜாவாட்டம் உக்காந்துகினு போ."

அவர் சொன்னபடி டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தே போனேன். பதினைந்து கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம். இறங்கிய இடத்தில் ஆறு தடத்திலும் லாரிகள். எதிர்ப்பக்கம் தொழிற்சாலைச் சுவர், அதன் பின்னால் லைன் வீடுகள். நடுத்திட்டில் ஒரு இடத்தில் செடிகள் மிதிபட்டு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. சீருடை அணிந்தவர்கள் அதன் வழியே ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் சாலை ஓரத்துக்குப் போனேன்.

"தாத்தா! எங்க போறீங்க?" என்று தேநீர்க் கடைப் பெண் கத்தினார். ஒரு லாரிக்காரருக்குக் கன்னடத்தில் சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டே என்னிடம் தமிழுக்கு வந்தார். "இப்டிக்கா தாண்டாதீங்க. போன மாசம் ஒரு ஆளு இதே எடத்துலதான் போனான். கீழ்ப்பாலம் அங்க இருக்குது பாருங்க."

"எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள்?"

"அவனுங்க டயத்துக்குப் போயி கார்டு பஞ்ச் அடிக்கணும். உங்களுக்கு இன்னா அவசரம்?"

சாலைக்கு அடியில் போகும் கீழ்ப்பாலத்துக்கு முந்நூறு மீட்டர் போய், அதே தூரம் எதிர்ப்பக்கம் திரும்பி வந்தேன். என் நடைக்கு ஒன்பது நிமிடம்.

அமல்ராஜின் மனைவி ஸ்டெல்லாவின் வீடு வரிசையில் நான்காவது. ஒரே அறை. இரண்டு சாக்கு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறாராம். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "காண்ட்ராக்டர் ஆபீசா சார்? எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனே" என்றார்.

இல்லை, அமல்ராஜின் நண்பன் என்றேன். என் நரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "அவியளுக்கு இந்த வயசுல ஃபிரண்டா?"

வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. எப்படியோ விளையாட்டு, குழு, வீடு, ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி முடித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த கேம்ல அவியளுக்கு வீடு இருக்கா?"

"இருக்கிறது அம்மா."

"எத்தன ரூம்பு?"

"ஐந்து. மாடியும் உண்டு."

"இங்கன ஒத்த ரூம்புல சட்டி பானையோட நான் கெடக்கேன். அங்கன மாடி வீடா!" என்று சிரித்தார். "டூட்டி முடிஞ்சு வந்தாவன்னா சோத்தப் போட்டாக்கூட போனத்தான் பாப்பாவ. எவளும் இருக்காளா அங்கன?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை அம்மா."

"நீங்க ஏன் பதறுதிய? சும்மா கேட்டேன். உள்ள என்ன இருக்கு?"

"ஒன்பது நாற்காலி. குழுவில் ஆளுக்கு ஒன்று. பெயர் எழுதியிருக்கிறார்."

"எனக்கு?"

நான் சாக்கு மூட்டைகளைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அலமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்து கைப்பேசியை எடுத்து, பூட்டைத் திறக்கும் கோட்டை விரலால் இழுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். விளையாட்டு திறந்தது. கடைசியாக விட்ட இடத்தில், உப்புத்துறைப் பாலத்தின் மேல் இரும்பன் நின்றுகொண்டிருந்தான். இந்த விளையாட்டில் எந்த உருவமும் அசையாமல் நிற்காது. தோள் ஏறும், இறங்கும்.

ஸ்டெல்லா குனிந்து பார்த்தார். "மூச்சு விடுதாவ" என்றார். பிறகு கைப்பேசியைப் பிடுங்கிப் பாயின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. ஏழு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கும் அந்த வீடு வேண்டும். சற்றுப் பொறுத்து, இடது கட்டைவிரலால் நடத்த வேண்டும், பாலத்திலிருந்து சந்தை வழியாக மூன்று நிமிடம், வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தால் போதும் என்று மெதுவாகச் சொன்னேன். நாட்காட்டித் தாளின் பின்புறம் வழியை வரைந்து கொடுத்தேன்.

"ஒரு வாட்டி போனாப் போதுமா?"

"நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை."

"எது வரைக்கும்?"

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"செத்தவுகளப் பாக்க நாங்க கல்லறைக்கே வருசத்துல ஒரு நாள் நவம்பர்லதான் போவோம், மெழுகுதிரி கொளுத்தி வச்சிட்டு வந்துருவோம்" என்றார். "நீங்க என்னய வருசத்துக்கு எட்டு வாட்டி போவச் சொல்லுதிய." குரலில் கோபம் இல்லை. "வர மாட்டேங்கல. வருவேன்னும் சொல்லல. காப்பி குடிச்சிட்டுப் போங்கய்யா."

குடித்தேன். என் கைப்பேசி எண்ணை எழுதி வைத்துவிட்டு, அதே கீழ்ப்பாலம் வழியாகத் திரும்பினேன். மத்தூர் வந்து சேர மாலை நாலரை. போக வர பேருந்துச் செலவு எழுபத்தெட்டு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கே பதினேழாம் மனை முன்னால் எட்டுப் பேரும் கூடிவிட்டோம். கடைசியாக ஒரு தடவை உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன். இரண்டு ஐம்பதுக்கு ராக்கெட்டின் குரல் உடைந்தது. "டேய்... இரும்பண்ணன்!"

இரும்பன் சந்தைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டினான். கால்வாயில் விழுந்து ஏறினான். முன்வரிசையில் நின்று மலைப்பூதத்தைத் தடுத்தவன் அப்படி நடந்து நாங்கள் பார்த்ததில்லை. 'அவர் மனைவி' என்று தட்டினேன். எல்லோரும் விலகி வழி விட்டார்கள்.

வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றான்.

"உள்ள போங்கக்கா."

"ஒரே அடிதான்க்கா, நேராப் போங்க."

அன்று முதல் முறையாக நான் வாய் திறந்து பேசினேன். "அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்" என்றேன். "யாருடா இந்தப் பெருசு?" என்று ஒருவன் கேட்டான். கதவு திறந்தே இருந்தது. இரும்பன் அதைப் பார்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

மூன்று மணிக்கு வீடு இடிந்து விழவில்லை. புழுதி எழவில்லை. இருந்தது, இல்லாமல் போனது. புல்தரையில் ஒரு பலகை முளைத்தது: மனை எண் 17, காலி. சிறிது நேரத்தில் 'இரும்பன் வெளியேறினார்' என்ற வரி வந்தது.

மாலையில் ஸ்டெல்லா அழைத்தார். வாசலைத் தாண்டும் முறையை நான் சரியாகச் சொல்லித் தரவில்லையோ என்று அதுவரை குழம்பிக்கொண்டிருந்தேன்.

"பாத்தேன்யா. நல்ல வீடு. ஜன்னல் வழியா நாற்காலியெல்லாம் தெரிஞ்சிது."

"ஏன் அம்மா உள்ளே போகவில்லை?"

"போயி எங்கன உக்கார?" என்றார். பிறகு, "நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டார்.

அவரிடம் நான் போனது சரியா என்று இன்னும் தெரியவில்லை. என் நாற்காலியைக் காப்பாற்றத்தான் போனேனோ என்றும் தோன்றுகிறது. குழுவில் நான்கு பேர் விளையாட்டை விட்டுவிட்டார்கள். என் வயது தெரிந்துவிட்டதால் மீதிப் பேர் என்னை மரியாதையாக அழைக்கிறார்கள், கேலி நின்றுபோயிற்று.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். உப்புத்துறைக்குப் படகில் போனால் பாலத்தடியில் இறங்கலாம், வடக்கு மேடு அங்கிருந்து மூன்று நிமிடம். பதினேழாம் மனை ஏலத்தில் போய், இப்போது அங்கே வேறு யாரோ கோபுரம் கட்டியிருக்கிறார்கள். குருபரப்பள்ளிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில்தான் ஏற வேண்டும், ஓசூர் வண்டிகள் நிற்பதில்லை. இறங்கியதும் நடுத்திட்டில் ஒரு ஒற்றையடிப் பாதை தெரியும். எல்லோரும் அதில்தான் போவார்கள். நீங்கள் கீழ்ப்பாலம் வழியாகப் போங்கள். ஒன்பது நிமிடம்தான்.