இடது தோளில் சுண்ணாம்புப் பொட்டு

எங்கள் வீட்டு வாள் இன்றைக்கும் அத்தை மகன் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. அது எங்கள் அண்ணனுக்கு வந்திருக்க வேண்டியது.

அப்பா வாள்வீச்சு வாத்தியார். சேந்தமங்கலத்துப் பக்கம் அவரிடம் படித்தவன் என்றால் கேள்வி கேட்காமல் பெண் கொடுப்பார்கள். வாள் யார் கைக்குப் போகிறதோ அவன்தான் அடுத்த வாத்தியார். அதற்கு ஒரு முறை உண்டு. ஆயுத பூஜையன்று கம்பு நுனியில் துணி சுற்றி, சுண்ணாம்பில் தோய்த்து, வாத்தியாரோடு மோத வேண்டும். அவர் உடம்பில் பொட்டு வைக்கிறவனுக்கு வாள்.

அந்த வருசம் அண்ணனும் அத்தை மகனும் இறங்கினார்கள். எனக்கு ஒன்பது வயது. அண்ணன்தான் ஜெயிப்பான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் அண்ணன். மூன்று முறை அவன் கம்பு அப்பாவின் இடப்பக்கம் போனது. மூன்று முறையும் ஒரு சாண் முன்னால் நின்று, தானாகத் திரும்பி வந்தது. அப்பாவுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஏண்டா, கம்பு சுத்தறியா, மாடு முடுக்கறியா? போ, ஓரமா நில்லு."

அடுத்து வந்த அத்தை மகன் அதே இடது தோளில் பொட்டு வைத்தான். வாள் அவனுக்குப் போயிற்று.

"பயந்தாங்கொள்ளி! உன்னால எம்பட மானமே போச்சு" என்று அண்ணனிடம் கத்தினேன்.

"உம்பட மானமா? அது எத்தன மொழஞ் சாமி?" என்று சிரித்தான்.

பத்தே நாளில், போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே கிளம்பிவிட்டான். அப்பா வாசலுக்கு வரவில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனே குனிந்து என் காதருகில் சொன்னான்:

"அப்பாவுக்குத் தண்ணி வெச்சா வலப்பக்கமா வையி சாமி. ஏன்னு அவர்கிட்டக் கேக்காத."

திரும்பி வந்தது அவன் பெட்டி மட்டும்தான். எங்கோ ஓர் ஊரில் இரும்புக் குழாய் சரிந்து மேலே விழுந்ததாம். அப்பாவின் இடது கண்ணில் பார்வை போய் வருசக்கணக்காகிறது என்று சேலத்து டாக்டர் எங்களிடம் சொன்னது அதற்கும் பிறகு.

அவன் கிளம்பிய அன்று எனக்கு என்ன தெரியும்? வாளைக் கோட்டைவிட்டவன் என்னை ஏவுவதா என்று, வண்டி மறைந்ததும் சொம்பை வேண்டுமென்றே அப்பாவின் இடப்பக்கம் வைத்தேன். அவர் கை பட்டு அது உருண்டது.

"ஏனுங்கப்பா, கண்ணு தெரியலீங்களா?" என்று சிரித்தேன். "அண்ணன் அப்பவே சொன்னான், வலப்பக்கமா வையின்னு."

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் இடது தோளைத் தடவிக்கொண்டு, வண்டி போன தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொம்புத் தண்ணீருக்காகவா ஒரு மனிதர் இப்படி அழுவார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.