அண்டா நிறைய மை

உலகச் சண்டைக் காலத்தில் கடைகளில் மைப்பொடி கிடைக்காமல் போனபோது, அம்மா எனக்கு வீட்டிலேயே மை காய்ச்சிக் கொடுத்தாள். கடுக்காயை இடித்துச் சின்ன இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் கருவேலம் பிசினைக் கரைத்தால் போதும். கன்னங்கரேலென்று மை வந்துவிடும். அதைப் பார்த்த டீச்சரம்மா, திங்கட்கிழமை தொடங்கும் பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் இதே மை கிடைக்குமா என்று கேட்டார். "எம்புட்டு வேணும்னாலும் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவைக் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே கணக்கும் நானே போட்டேன். கடுக்காய், தண்ணீர், பிசின் எல்லாவற்றையும் நாற்பதால் பெருக்கி வாசித்தேன், மாமா வாங்கிவந்தார். கோரிப்பாளையம் தர்காவில் கந்தூரி விருந்துச் சோறு ஆக்கும் பாய் வீட்டிலிருந்து பெரிய செம்பு அண்டாவும் வந்தது.

சனிக்கிழமை மதியம் வரை கொதித்தும் மஞ்சள் கஷாயம்தான். மாமா கரண்டியில் மொண்டு பார்த்தார்.

"மருமகளே, இது எழுதுறதுக்கா, குடிக்கிறதுக்கா?"

கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். தவறே இல்லை. திங்கட்கிழமை எந்த முகத்தோடு போவது என்று அழத் தொடங்கினேன்.

அம்மா என் தாளைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மூலையில் கிடந்த, எனக்கு மை காய்ச்சும் அந்தச் சின்ன இரும்புச் சட்டியை எடுத்து உள்ளே விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே அண்டாவுக்குள் போட்டாள். சற்று நேரத்தில் சட்டியைச் சுற்றி மட்டும் கறுப்பு படர்ந்தது.

"தம்பி, வீட்டுல கெடக்குற இரும்பையெல்லாம் கொண்டாடா!"

மாமா ஓடினார். தேய்ந்த மாட்டு லாடங்கள், உடைந்த கலப்பைக் கொழு, துருப்பிடித்த அரிவாள் எல்லாம் உள்ளே விழுந்தன. கடைசியில் அப்பாவின் மாட்டுவண்டிக் கடையாணியும் விழுந்தது.

"கடையாணி இல்லாம வண்டியத் தலையில தூக்கிட்டா போவேன்?" என்று அப்பா கத்தினார்.

"இன்னைக்குப் போக வேணாம் மச்சான், மை கிண்டுங்க" என்றார் மாமா. அப்பா கிண்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்டாவுக்குள் பார்த்தபோது என் முகமே கறுப்பாகத் தெரிந்தது.

சட்டியின் இரும்பு கரைந்துதான் கடுக்காய்ச்சாறு கறுக்கிறது என்று இப்போது ரசாயனப் புத்தகத்தில் படிக்கிறேன். நான் பெருக்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான். அன்றோ, என் கணக்கு சற்றுத் தாமதமாகப் பலித்தது என்றே நம்பினேன்.

திங்கட்கிழமை, கடையாணியை வெளியே எடுத்து மாட்டிய வண்டியில் அண்டா பள்ளிக்கூடத்துக்குப் போனது; அம்மாவும் கூட வந்தாள். டீச்சரம்மா பேனாவைத் தோய்த்து ஒரு வரி எழுதி, "இம்புட்டு அருமையா யாரு செஞ்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அம்மா கறுத்துப்போன கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க டீச்சரம்மா, இவதான் செஞ்சா."

அவள் உள்ளதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.