கசகசா வண்டின் சாதி

ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியில் இருக்கிற எங்கள் வீடு உறவுக்காரர்களுக்குச் சத்திரமாகிவிடும். வருகிறவர்கள் எங்களைப் பார்க்க வரவில்லை, அருவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும், "ஏன் இந்தத் தடவை இவ்வளவு தாமதம்?" என்றுதான் வாசலில் நின்று கேட்பாள்.

அந்த வருஷம் அம்மாவின் தம்பியும் வந்திருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மாமா. எல்லோரும் துண்டோடு அருவிக்குப் போனால் இவர் டப்பாவோடு போனார். சிற்றருவிப் பக்கம் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டு வந்து, வெள்ளைத் தாளில் உதறினார். கசகசா அளவில் சில கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. அவற்றில் ஒன்று எழுந்து நடந்தது.

"வண்டு அத்தான். இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காத வண்டா இருக்கும்னு தோணுது" என்றார் அப்பாவிடம்.

அப்பா குனிந்து பார்த்தார். "இதுக்குப் பேர் வேறயா மாப்ளே? மொதல்ல தான் இருக்கது அதுக்கே தெரியுமா?"

சிவகிரியிலிருந்து வந்திருந்த பெரியப்பாவுக்குச் சாதி விஷயத்தில் அக்கறை அதிகம். புதிதாக யாரைப் பார்த்தாலும், அவர் எந்த ஊர், யார் வகையறா என்று தோண்டி எடுக்காமல் விடமாட்டார். "வண்டுலயும் சாதி உண்டா?" என்று கேட்டார்.

"லட்சக்கணக்குல உண்டு."

"அப்ப இது என்ன சாதி?"

"அதத்தான் பாக்கணும்."

"சீக்கிரம் பாத்துச் சொல்லு. என்ன சாதின்னே தெரியாதத வீட்டுக்குள்ள விட்டுட்டு எப்பிடிச் சோறு திங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கல்லூரியில் கெஞ்சி வாங்கி வந்திருந்த மைக்ராஸ்கோப்பை மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஆண் வண்டின் உடம்பைத் திறந்து பார்க்காமல் அது புதுச் சாதி என்று சொல்ல முடியாதாம். கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பெண். முன்னங்கால் பாதம் அகலமாக இருந்தால் ஆணாம். ஊசி பட்டு நொறுங்கியது போக, அப்படி ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

சாரல் காற்று நுழையாமல் மச்சு அறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கண்ணாடி ஓடு வழியே வந்த வெளிச்சத்தில் மாமா உட்கார்ந்தார். யாரையும் அண்டவிடவில்லை, என்னைத் தவிர. யாராவது பெயரைக் கேட்டால்கூட அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிற பிள்ளை நான். "இவ இருக்கட்டும். வாயே தொறக்க மாட்டா" என்றார். அருவிக்குப் புறப்படுவதற்காக அம்மா என் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள். அந்தக் கோலத்தோடு போய் நின்றேன்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருட்டீ."

பார்த்தேன். கசகசா, எருமையாகி நின்றது! குளத்திலிருந்து அப்போதுதான் ஏறிவந்த எருமை மாதிரி அப்படி ஒரு மினுமினுப்பு. முதுகில் இரண்டு மூடிகள், நடுவே நூல் பிடித்ததுபோல் பொருந்தியிருந்தன. அவற்றின் மேல் தையல் மெஷின் ஓட்டியதுபோல வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பொன்னிற மயிர். மாமா ஊசியால் ஒரு மூடியை நெம்பினார். அடியில் உடம்பைவிட நீளமான இறக்கை, மடித்து மடித்துத் திணித்து வைத்திருந்தது. கண் என்பது ஒரு கண் இல்லை. கடுகை அள்ளி ஒட்டவைத்ததுபோல ஒரு குவியல். மீசை மணி கோத்தது மாதிரி இருந்தது. கடைசி மூன்று மணி மட்டும் பருத்து, அனுமார் கையில் இருக்கிற கதையைப்போல.

"மாமா, இது கதை வச்சிருக்கு மாமா!" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதெல்லாம் இதோட பங்காளி வண்டுக்கும் இப்பிடியேதான் இருக்கும். உள்ள ஒண்ணு இருக்கு. அதப் பாத்தாத்தான் புதுசா பழசான்னு தெரியும்."

"என்னது மாமா?"

மாமா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "சாவி" என்றார் கடைசியில். "ஆம்பள வண்டுக்குள்ள ஒரு சாவி இருக்கும். பொம்பள வண்டுக்குள்ள பூட்டு இருக்கும். ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு சாவி."

"எதத் தொறக்கும்?"

"சும்மா இருட்டீ. கை ஆடுது."

வயிற்றின் நுனியை வெட்டியெடுத்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் சுடவைத்துச் சதையைக் கரைத்தார். மிஞ்சியது பழுப்பாக ஒரு துணுக்கு. மயிரை நறுக்கினதுபோல இருந்தது. பல்வலிக்குப் போடுகிற கிராம்புத் தைலத்தில் ஒரு சொட்டு, கண்ணாடிச் சில்லின்மேல் தயாராக இருந்தது. மாமா துணுக்கை ஊசி முனையில் ஏந்தி அதை நோக்கிக் கொண்டுபோனார்.

கதவு படாரென்று திறந்தது. "மாப்ளே, அருவிக்கு வண்டி வந்தாச்சு!" என்று அப்பா நின்றார். அவரோடு காற்றும் வந்தது.

ஊசி முனையில் ஒன்றும் இல்லை.

"அத்தான், கதவு!" என்று அலறினார் மாமா. பிறகு தரையில் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகத் தேடினார். "போச்சு... எல்லாம் போச்சு" என்றார். கேலி பேச வந்த அப்பாவும் கதவைச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ ஆரம்பித்தார்.

எனக்கு முழங்கைக்குக் கீழே ஏதோ தெரிந்தது. எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரு பழுப்புப் புள்ளி. பேசினால் பறந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டியபடியே போய், தவழ்ந்துகொண்டிருந்த மாமாவின் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

அவர் அதை எடுத்துத் தைலச் சொட்டில் இறக்கிய நேரத்தில் அப்பாகூட மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. மாமா மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பக்கத்தில் விரித்திருந்த புத்தகத்தின் படத்தைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். படத்தில் இருந்த பங்காளி வண்டின் சாவி நேராக முடிந்தது. இதன் நுனியோ கொக்கிபோல் வளைந்து, இரண்டாகப் பிளந்திருந்தது.

"புதுசு! அத்தான், புதுசு!" மாமா என்னை எண்ணெயோடு தூக்கிச் சுற்றினார். "போ, கீழ போய் எல்லார்ட்டயும் சொல்லு!"

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே பட்டாசல் கூடத்தில் துண்டும் சோப்புப் பெட்டியுமாக உறவு முழுவதும் காத்திருந்தது. நடுவில் பெரியப்பா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"மாமா வண்டு புதுச் சாதி!" என்று கத்தினேன்.

"புதுசுன்னு எப்பிடிட்டீ தெரியும்?" என்றார் பெரியப்பா.

அதுவரை அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொன்னதில்லை. "சாவியப் பாத்தாச்சு பெரியப்பா! ஆம்பளைக்கெல்லாம் உள்ள ஒரு சாவி இருக்கும். அதப் பாத்தாத்தான் என்ன சாதின்னு சொல்ல முடியும்!"

படியில் நின்ற அப்பா வெடித்துச் சிரித்தார். சித்திமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு வெற்றிலைச் சாறு புரையேறிக் கண்ணெல்லாம் தண்ணீர். பின்னாலேயே இறங்கிவந்த மாமா, வந்த வழியே மேலே ஓடினார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "ஏட்டி, வாய மூடு!" என்றாள், சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சின்ன வண்டுக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிற குடும்பத்தில் பிறந்திருக்கிறேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. காது மந்தமான உறவுக்காரர் ஒருவர் மட்டும், "என்னவாம்? பிள்ள என்ன சொல்லுதா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பாவமாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்று, இன்னொரு முறை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.